சூலியா தெருவில் அறை ஏன் மலிவாக இருந்தது?

கையில் அதிகம் காசில்லாமல் பினாங்கு போனவர்கள் யாரைக் கேட்டாலும் ஜார்ஜ் டவுனில் ஒரு தெருவின் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். சூலியா தெரு. 1970களில் தொடங்கி ஒரு முப்பது வருஷம், முதுகில் பையோடு தென்கிழக்காசியாவைச் சுற்றிய ஐரோப்பிய, ஆஸ்திரேலிய இளைஞர்கள் வந்து இறங்கிய இடம் அது. அந்தத் தெருவிலும், அதிலிருந்து பிரியும் லவ் லேனிலும், பக்கத்து லீத் தெரு, முன்ட்ரி தெருவிலும் கீழே காப்பிக்கடை, மேலே அறைகள் என்று சீனர்களின் பழைய விடுதிகள் நிறைய இருந்தன. (முன்ட்ரி என்பது வேறொன்றும் இல்லை, நம்ம மந்திரிதான். லாருட் பகுதியை ஆண்ட மலாய் மந்திரியின் பட்டம் தெருப்பெயராகிவிட்டது.)

இந்தத் தெருக்களில் அறை ஏன் அவ்வளவு மலிவாகக் கிடைத்தது என்பதுதான் நான் கொஞ்ச நாளாகக் குடைந்துகொண்டிருக்கும் கேள்வி. வழக்கமான பதில் சுருக்கமானது: ஹிப்பிகள் வந்தார்கள், அவர்களுக்காக மலிவு விடுதிகள் வந்தன. படிச்சுப் பார்த்தா விஷயம் தலைகீழாக இருக்கு. விடுதிகள் முன்பே இருந்தன. வழிப்போக்கர்களுக்குப் படுக்க இடம் கொடுப்பது அந்தத் தெருவின் ஆதித் தொழில்களில் ஒன்று. அது 20ஆம் நூற்றாண்டின் கடைசிவரை மலிவாகவே நீடித்ததற்கு ஒரு சட்டமும் காரணம். சுற்றுலாவுக்கும் அந்தச் சட்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

முதலில் பெயர். சூலியா என்பது சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்களைக் குறித்த சொல். சோழ நாட்டுப் பெயரோடு அதைப் பொதுவாகச் சேர்த்துச் சொல்வார்கள். பிரான்சிஸ் லைட் 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தத் தீவைப் பிடித்து ஊர் போட்டபோது வரைந்த ஆதிக் கட்டத்தின் எல்லைத் தெருக்களில் இதுவும் ஒன்று. லைட் தெரு, பீச் தெரு, பிட் தெரு, சூலியா தெரு. இந்த நான்குக்கும் நடுவில்தான் ஊர் தொடங்கியது.

1794இல் லைட் எழுதிய ஓர் அறிக்கையில் ஊர் மக்களை வகைப்படுத்துகிறார். அதில் சூலியாக்களைப் பற்றி வரும் பகுதியைப் படித்ததும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். சுமார் 1,000 பேர் ஊரிலேயே நிலையாகத் தங்கிவிட்டார்கள், கடைக்காரர்களும் கூலியாட்களும், சிலர் குடும்பத்தோடு என்கிறார். அதற்கு மேல், கரையிலிருந்து வரும் கப்பல்கள் வருஷாவருஷம் 1,300 முதல் 2,000 ஆண்களைக் கொண்டுவருகின்றன, அவர்கள் வியாபாரமோ உடலுழைப்போ செய்து கொஞ்சம் காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள், அவர்கள் இடத்துக்கு வேறு ஆட்கள் வருகிறார்கள் என்றும் சொல்கிறார்.

கணக்கைக் கவனியுங்கள். ஊர் பிறந்து எட்டே வருஷம். நிலைத்தவர்களைவிட வந்துபோகிறவர்கள் அதிகம். இத்தனை பேர் ராத்திரி எங்கே படுத்திருப்பார்கள்? விடுதி என்று பலகை மாட்டிய கட்டடம் அப்போது கிடையாது. கடைத் திண்ணை, கிடங்கின் மூலை, முன்னால் வந்த ஊர்க்காரனின் கொட்டகை, பள்ளிவாசலைச் சுற்றிய குடிசைகள் என்று இருந்திருக்கும். 1801இல் காதர் முகைதீன் என்ற தமிழ் முஸ்லிம் தலைவருக்குக் கம்பெனி பள்ளிவாசலுக்காக நிலம் கொடுத்தது, 18 ஏக்கர். இன்றைக்கும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் என்று அவருடைய பட்டப்பெயரில்தான் நிற்கிறது. தொழுகைக்கு மட்டும் 18 ஏக்கர் எதற்கு? சுற்றிலும் ஒரு குடியிருப்பே வளர்ந்தது. கொஞ்சம் தள்ளி, சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் மூலையில் நாகூர் தர்கா. நாகூர் ஆண்டவர் அங்கே அடக்கமாகவில்லை. நாகூரிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் கடல் கடந்த நன்றியைச் செலுத்த 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிக்கொண்ட நினைவிடம். வழிப்போக்கர்களின் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான கட்டடம் வேண்டுமா?

அடுத்த அடுக்கு கிட்டங்கி. செட்டிநாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பினாங்கு தெருவில் நகரத்தார் வட்டிக்கடைகள் இருந்த நீளமான கூடங்களுக்குக் கிட்டங்கி என்று பெயர். ஒரே கூடத்தில் வரிசையாகப் பல கடைகள். ஒவ்வொரு கடைக்கும் ஒரு மேசைப்பெட்டி, ஓர் இரும்புப்பெட்டி, உட்காரப் பாய். பகலில் அதுவே ஆபீஸ், ராத்திரி அதே பாய் படுக்கை. சமையலுக்குப் பொது ஆள். ஊரிலிருந்து ஏஜெண்டு, அடுத்தாள், பெட்டியடிப்பையன் என்று வருவார்கள், வழக்கமாக மூன்று வருஷத் தவணை. முடிந்தால் கப்பலேறி ஊர். அடுத்த ஆள் அதே பாயில். சொத்துக் கணக்கில் லட்சாதிபதிகளாக இருந்த முதலாளிகளின் ஆட்கள் தங்கிய இடம்தான் இது. சிக்கனம் என்றால் அப்படியொரு சிக்கனம்! இன்றைக்குத் தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் பினாங்கு தெருவின் கோவில் வீட்டிலிருந்து புறப்படுவதைப் பார்க்க லட்சம் பேர் கூடுகிறார்கள். அதே தெருவின் கூடங்களில் பாய் விரித்துக் கிடந்தவர்கள் சேர்த்த காசும் அந்த ரதத்தில் இருக்கிறது.

சீனர்களின் பக்கம் இதற்கு இணையாக இருந்தது கூலி கெங். கூலி என்ற சொல் நம் வாயிலிருந்து உலகத்துக்குப் போனது என்பது பலரும் ஒப்புக்கொண்ட கருத்து. அது போய்ச் சீனப் பேச்சுவழக்கின் 'கெங்' என்ற அறையைக் குறிக்கும் சொல்லோடு ஒட்டிக்கொண்டது. ரிக்‌ஷா இழுப்பவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர்கள், ஒரே ஊர்க்காரர்களாக அல்லது ஒரே குலப்பெயர்க்காரர்களாகச் சேர்ந்து ஒரு வீட்டைப் பிடிப்பார்கள். ஆளுக்கு ஒரு பலகைக் கட்டில், ஒரு பெட்டி வைக்க இடம். மாதச் சந்தா. வேலை இல்லாதவனுக்கும் அங்கே ஒரு மூலை உண்டு. புதிதாகக் கப்பலிலிருந்து இறங்கியவனுக்கு ஊர்ப்பேச்சு கேட்கும் முதல் இடம் அது.

மூன்றாவது, ஹஜ் பயணிகள். இதுதான் எனக்குப் புதிதாகத் தெரிந்த விஷயம். ஆச்சே தெருப் பள்ளிவாசல் 1808இல் ஆச்சேயிலிருந்து வந்த அரபு வழி வணிகர் ஒருவர் கட்டியது. வட மலாயா, தெற்குத் தாய்லாந்து, வட சுமத்ராவிலிருந்து மக்காவுக்குப் போகிறவர்கள் கப்பலேறும் ஊர் பினாங்குதான். கப்பல் எப்போது வரும் என்பது அல்லாஹ்வுக்கும் கப்பல் கம்பெனிக்கும்தான் தெரியும். வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பயணத் தரகர்கள் சீட்டு வாங்கிக் கொடுப்பார்கள், தங்க வீடு கொடுப்பார்கள். கப்பலில் சமைத்துச் சாப்பிட அரிசி, கருவாடு, பானை, பெட்டி எல்லாம் அந்தத் தெருவிலேயே கிடைக்கும். வழியனுப்ப வந்த உறவுக்காரக் கூட்டமும் கூடவே தங்கும். இரண்டாவது ஜித்தா என்றே அந்தப் பகுதிக்குப் பெயர் இருந்தது. 1970களில் விமானம் வந்து கப்பல் ஹஜ்ஜை முடித்துவைத்தது, அந்தத் தெருவின் தங்கும் வீடுகளும் அதோடு சரி.

பணக்காரப் பயணிகளின் கதையை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். அதைப் பற்றித்தான் எல்லாரும் எழுதியாச்சே. ஈரானின் இஸ்பஹான் பக்கத்து ஆர்மீனியர்களான சார்க்கிஸ் சகோதரர்கள் 1880களின் நடுவில் பினாங்கில் ஹோட்டல் தொடங்கினார்கள். அதுதான் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல். 1887இல் சிங்கப்பூரில் ராஃபிள்ஸ், 1901இல் ரங்கூனில் ஸ்ட்ராண்ட். 1931இல் திவாலானார்கள். ஹோட்டல் மட்டும் கைமாறி இன்னும் கடலைப் பார்த்து நிற்கிறது. சூலியா தெருவிலிருந்து மெதுவாக நடந்தாலும் பத்து, பதினைந்து நிமிஷம்தான். ஆனால் அந்தத் தூரத்தைக் கடந்து ஒரு பெட்டியடிப்பையன் அதன் படியேறியிருப்பான் என்று தோன்றவில்லை.

சரி, சூலியா தெரு விடுதிகளுக்கு வருவோம். சீனர்கள் நடத்திய இந்த விடுதிகளில் பெரும்பாலானவை போருக்கு முந்தைய கட்டடங்கள். பழைய கடைவீடு, அல்லது யாரோ ஒரு பணக்காரரின் பங்களா, காலம் மாறி விடுதியானது. இதில் ஹைனான் தீவுக்காரர்களின் பங்கு பெரியது. மற்ற சீனக் குழுக்களுக்குப் பிறகு தாமதமாக வந்தவர்கள் அவர்கள். நல்ல வியாபாரங்களையெல்லாம் ஹொக்கியன்காரர்களும் காண்டனீயரும் பிடித்துவிட்டதால் வெள்ளைக்கார வீடுகளிலும் கப்பல்களிலும் ஹோட்டல்களிலும் சமையல்காரர்களாகப் போனார்கள், கற்றுக்கொண்டு காப்பிக்கடையும் விடுதியும் வைத்தார்கள். அவர்களுடைய கோயில் முன்ட்ரி தெருவில் இருக்கிறது.

இந்த விடுதிகளின் வாடிக்கையாளர்கள் சுற்றுலாப் பயணிகள் இல்லை. உள்ளூரிலிருந்து சரக்கு வாங்க வந்த சிறு வியாபாரி, ஆஸ்பத்திரிக்கு வந்தவர், கப்பல் மாறும் மாலுமி, மாதக்கணக்கில் தங்கும் தனிக்கட்டை. மணிக்கணக்கில் அறை எடுக்கிறவர்களும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. அறையின் அமைப்பே அதற்குச் சாட்சி. பெரிய கூடத்தைப் பலகைத் தடுப்பு வைத்துப் பிரித்திருப்பார்கள். தடுப்பு கூரைவரை போகாது. மேலே ஒரு முழம், இரண்டு முழம் கம்பிவலை. காற்றோட்டத்துக்கு அதுதான் வழி, ஒரு மின்விசிறியும் ஒரு விளக்கும் இரண்டு அறைக்கு வெளிச்சமும் காற்றும் கொடுக்கும். அறைக்குள்ளேயே முகம் கழுவ ஒரு தொட்டி இருக்கும், கழிப்பறை நடைபாதைக் கடைசியில். ஒருமுறை அப்படியொரு பழைய விடுதியில் தங்கியிருக்கிறேன். பக்கத்து அறைக்காரர் போனில் யாரிடமோ கடன் கேட்டதும், கிடைக்காததும், அப்புறம் வெகுநேரம் தூங்காமல் புரண்டதும் எனக்குத் தெரியும். முகத்தை மட்டும் பார்த்ததில்லை.

ஆக 1970களில் வெள்ளைக்காரப் பையன்கள் வந்து சேர்ந்தபோது அவர்களுக்காக யாரும் ஒரு செங்கல்லும் எடுத்து வைக்கவில்லை. இருந்த கட்டிலில் வந்து படுத்தார்கள்.

ஏன் பினாங்குக்கு வந்தார்கள் என்பதற்கு ஒரு நிலவியல் காரணம் உண்டு. ஐரோப்பாவிலிருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகத் தரையிலேயே இந்தியா வரை வந்துவிடலாம். அதற்கு மேல் பர்மா குறுக்கே நிற்கும். அதன் தரைவழி எல்லைகள் வெளிநாட்டுப் பயணிகளுக்கு மூடியிருந்தன. ஆகவே கல்கத்தாவிலிருந்து பாங்காக்குக்குப் பறக்க வேண்டும், இல்லாவிட்டால் மெட்ராஸ் வந்து கப்பலேற வேண்டும். மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் கிளாங், சிங்கப்பூர். இந்த வழித்தடத்தில் 1926இல் கட்டிய ரஜூலா என்ற கப்பல் அரை நூற்றாண்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஓடியது. நம் ஊரில் எத்தனையோ தாத்தாக்களின் கதையில் வரும் கப்பல். 1973இல் அது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கையிலிருந்து போனது, அடுத்த வருஷம் உடைக்கப்பட்டது. அதன் இடத்துக்கு வந்தது எம்.வி. சிதம்பரம், பிரான்ஸிடமிருந்து இந்திய ஷிப்பிங் கார்ப்பரேஷன் வாங்கியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அந்தப் பயணிகள் போக்குவரத்தே அதோடு முடிந்தது.

அந்தப் பத்துப் பன்னிரண்டு வருஷம், ஒரே கப்பலில் ராமநாதபுரத்துக் கைலிக்காரரும் கிதார் வைத்திருந்த டச்சுக்காரனும் பயணம் செய்திருக்கிறார்கள், ஒரே துறையில் இறங்கியிருக்கிறார்கள். இருவரும் சூலியா தெருப் பக்கம்தான் நடந்திருப்பார்கள். ஒருவருக்கு உறவினர் கடை, இன்னொருவருக்குக் காப்பிக்கடை மாடி.

டோனி வீலர், மவ்ரீன் வீலர் தம்பதி 1974 முழுக்கத் தென்கிழக்காசியாவைச் சுற்றிவிட்டு, சிங்கப்பூரில் ஒரு மலிவான சீன விடுதி அறையில் உட்கார்ந்து ஒரு வழிகாட்டி நூலை எழுதினார்கள். 1975இல் வந்த மஞ்சள் அட்டைப் புத்தகம். 'லோன்லி பிளானட்' என்ற பதிப்பகம் பெரிதானது அதிலிருந்துதான். அது செய்த காரியம் என்னவென்றால், வாய்ச்சொல்லாக இருந்ததை அச்சாக்கியது. புத்தகத்தில் பெயர் வந்த விடுதிக்கு ஆள் நிச்சயம். அதோடு பினாங்குக்கு வேறு வசதிகளும் இருந்தன. பட்டர்வொர்த்திலிருந்து பாங்காக்குக்கு ரயில். சுமத்ராவின் மேடானுக்குப் படகு. எல்லாவற்றுக்கும் மேல் தாய்லாந்துத் துணைத் தூதரகம். தாய்லாந்தில் விசா முடிந்தவர்கள் எல்லை தாண்டி வந்து, மனு கொடுத்து, ஒரு ராத்திரியோ இரண்டு ராத்திரியோ தங்கி, விசா வாங்கித் திரும்புவார்கள். ஹஜ் கப்பலுக்குக் காத்திருந்தவர்கள் போய் விசாவுக்குக் காத்திருப்பவர்கள் வந்தார்கள்.

அரசுக்கு இவர்களைப் பிடிக்கவில்லை. சிங்கப்பூரில் அதே காலத்தில் நீண்ட முடி வைத்த ஆண்களை அலுவலகங்களில் கடைசியாகத்தான் கவனிப்போம் என்று போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். பினாங்கு 1969இல் சுங்கவரியற்ற துறைமுகம் என்ற தகுதியை இழந்து, வேலையில்லாத் திண்டாட்டத்தில் இருந்த நேரம் அது. 1972இல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை, பத்து ஃபெரிங்கி கடற்கரையில் பெரிய ஹோட்டல்கள் என்று அரசு வேறு வழிகளைத் தேடியது. ஒரு காப்பியை வைத்துக்கொண்டு மூன்று மணிநேரம் உட்காரும் விருந்தாளி யாருடைய திட்டத்திலும் இல்லை.

இப்போது அந்தச் சட்டம். போருக்குப் பிறகு மலாயாவில் வீட்டுப் பஞ்சம். வாடகை எகிறாமலிருக்கக் கட்டுப்பாடு வந்தது. பிறகு 1966இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமாக உறுதியானது. 1948க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு, வீடோ கடையோ, உரிமையாளர் இஷ்டத்துக்கு வாடகை ஏற்றவும் முடியாது, ஆளைக் கிளப்பவும் முடியாது. மலேசியாவில் இப்படிப்பட்ட கட்டடங்கள் மிக அதிகமாக இருந்த இடம் பினாங்கு.

இதன் விளைவுகள் விசித்திரமானவை. உரிமையாளருக்கு வரும் வாடகை சொற்பம். அந்தக் காசில் ஓடு மாற்றக்கூட முடியாது, அதனால் மாற்றவில்லை. கட்டடங்கள் ஒழுகின, ஆலஞ்செடி முளைத்தது. அதே சமயம் இடித்துவிட்டு உயரமாகக் கட்டவும் வழியில்லை, உள்ளே இருப்பவர்களைக் கிளப்பினால்தானே? ஆகவே ஒரு நகரமே அப்படியே உறைந்து நின்றது. இன்று ஜார்ஜ் டவுனின் பழமையைப் பார்த்து வியக்கிறோம். அந்தப் பழமையைக் காத்தது கலைரசனை என்பதைவிட வாடகைச் சட்டம் என்பதே சரி.

உள்ளே என்ன நடந்தது? உரிமையாளரிடம் நேரடியாக எடுத்தவர் முதல் வாடகைக்காரர். அவர் அறை அறையாகப் பிரித்து உள்வாடகைக்கு விடுவார். கீழே ஒரு பிரம்புக் கூடைக்காரர், மாடியில் நான்கு குடும்பம், பின்கட்டில் ஒரு கிழவர். லீத் தெருவில் சியோங் ஃபட் ட்ஸே என்ற சீனக் கோடீஸ்வரரின் நீல மாளிகைகூட இப்படித்தான் ஆனது. ராஜதந்திரிகளுக்கு விருந்து கொடுத்த வீட்டில் பல குடித்தனங்கள் துணி காயப்போட்டன. 1989இல் கட்டடப் பாதுகாப்பில் ஆர்வமுள்ள ஒரு குழு அதை வாங்கிச் சீர்படுத்தி, பிறகு விடுதியாக்கியது. 2000இல் அதற்கு யுனெஸ்கோ விருது கிடைத்தது.

மலிவு விடுதியும் இந்தக் கணக்குக்குள்தான் வருகிறது என்பது என் வாதம். விடுதி நடத்துகிறவர் பழைய கட்டடத்தின் முதல் வாடகைக்காரராக இருந்தால் அவருடைய பெரிய செலவு சட்டத்தால் கட்டுப்பட்டது. எல்லா விடுதியும் வாடகைக் கட்டடம்தான் என்று சொல்ல வரவில்லை, சொந்தக் கட்டடத்தில் நடத்தியவர்களும் இருந்தார்கள். ஆனால் பக்கத்துக் கடை நூடுல்ஸ் விலை, சலவைக்காரர் கூலி, சைக்கிள் வாடகை எல்லாமே அதே சட்டத்தின் நிழலில் இருந்தவை. தெரு முழுக்க மலிவாக இருக்கும்போது ஒருவர் மட்டும் விலை ஏற்ற முடியாது. பயணி தான் சிக்கனமாக இருப்பதாக நினைத்துக்கொண்டான். உண்மையில் அவனுடைய அறை வாடகையில் ஒரு பகுதியைப் பெயர் தெரியாத ஏதோ ஒரு வீட்டுக்காரர் மாதாமாதம் இழந்துகொண்டிருந்தார். அந்த வீட்டுக்காரர் எப்போதும் தனி ஆளும் இல்லை. பள்ளிவாசல் வக்ஃபு, சீனக் குலச் சங்கங்கள், கோயில் அறக்கட்டளைகள் இவற்றின் கையில் ஊரின் கணிசமான வீடுகள் இருந்தன, இன்னும் இருக்கின்றன.

வேறு ஊர்களில் இது வேறு மாதிரி. பாங்காக்கின் காவ் சான் தெரு அரிசி வியாபாரத் தெரு, பெயருக்கே குத்திய அரிசி என்றுதான் பொருள். 1982இல் நகரத்தின் இருநூறாம் ஆண்டு விழாவுக்கு வந்த கூட்டத்துக்கு வீட்டுக்காரர்கள் அறை விடத் தொடங்கியதுதான் அங்கே ஆரம்பம் என்கிறார்கள். சிங்கப்பூரில் பென்கூலன் தெருப் பக்கத்து மலிவு விடுதிகள் நகரச் சீரமைப்பில் இடிபட்டுப் போயின. அங்கேயும் வாடகைக் கட்டுப்பாடு இருந்தது, 2001இல் எடுத்தார்கள். ஆனால் அரசே நிலத்தை எடுத்து இடிக்கும் ஊரில் அந்தச் சட்டத்தால் கட்டடத்தைக் காப்பாற்ற முடியவில்லை. பினாங்கில்தான் சட்டம் தனியாக நின்று காவல் காத்தது.

1997இல் மலேசிய நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை நீக்கத் தீர்மானித்தது. கொஞ்சம் அவகாசம் கொடுத்து, 1999 டிசம்பர் 31 வரை. உலகமே கம்ப்யூட்டர் கோளாறு வருமோ என்று பயந்துகொண்டிருந்த அந்த ராத்திரி, ஜார்ஜ் டவுனில் வேறு கவலை. மறுநாள் காலையிலிருந்து வாடகை சந்தை விலைக்கு. பல மடங்கு ஏற்றிக் கேட்டார்கள். வாடகைக்காரர்கள் சேர்ந்து போராடிப் பார்த்தார்கள், சிலருக்குத் தவணை கிடைத்தது. பலர் கிளம்பினார்கள். மூன்று தலைமுறையாக ஒரே வீட்டில் ஊதுவத்தி உருட்டியவர், சவப்பெட்டி செய்தவர், பெயர்ப்பலகை செதுக்கியவர், இவர்களுக்கெல்லாம் புறநகர் அடுக்குமாடியின் 14ஆம் மாடியில் கடை வைக்க முடியுமா?

மொத்தப் பழியையும் இந்தச் சட்ட நீக்கத்தின் மேல் போடக் கூடாது. 1970களில் பழைய நகரப் பகுதியில் சுமார் 50,000 பேர் இருந்தார்கள். 2009 கணக்கெடுப்பில் சுமார் 10,000. இந்தச் சரிவில் ஒரு பகுதி முன்பே நடந்தது. ஒழுகும் கூரையும் பொதுக் கழிப்பறையும் வேண்டாம் என்று தாங்களாகவே போன இளைய தலைமுறை ஏராளம். தொழிற்பேட்டை வேலைக்குப் பக்கத்தில் வீடு எடுத்தார்கள். அதில் தப்பென்ன இருக்கு? ஆனால் போக விரும்பாதவர்களும் போனார்கள் என்பதுதான் 2000க்குப் பிறகு நடந்த மாற்றம்.

காலியான வீடுகளுக்கு முதலில் வந்த குடித்தனக்காரர்கள் யார் தெரியுமா? உழவாரன் குருவிகள். சீனர்கள் சூப் வைக்கும் விலையுயர்ந்த கூடு கட்டும் குருவி. சன்னலை அடைத்து, உள்ளே ஈரப்பதம் ஏற்றி, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் போட்டால் வந்து கூடு கட்டும். மனிதர்கள் கொடுத்த வாடகையைவிடக் குருவி கொடுத்தது அதிகம். தெருவில் நடந்தால் அடைத்த வீடுகளுக்குள்ளிருந்து இடைவிடாமல் கீச்சொலி. பிறகு 2008 ஜூலை 7 அன்று ஜார்ஜ் டவுன் மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது, சுற்றுப்புறத்தையும் சேர்த்துச் சுமார் 260 ஹெக்டேர். அதன் பின் குருவி வளர்ப்பைப் பழைய நகரத்திலிருந்து 2013க்குள் எடுக்கச் சொன்னார்கள். அங்கீகாரம் வந்த கையோடு நான்கு உயரமான ஹோட்டல் திட்டங்கள் சிக்கலாகின. அந்தப் பகுதியில் 18 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்ற வரம்பு அந்தச் சண்டையில்தான் ஊருக்கே தெரிந்தது.

2012இல் எர்னஸ்ட் சகாரெவிச் என்ற லித்துவேனிய ஓவியர் ஆர்மீனியன் தெருச் சுவரில் நிஜச் சைக்கிளை வைத்து இரண்டு குழந்தைகளை வரைந்தார். அதன் முன் படம் எடுக்க வரிசை நின்றது. கடைவீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக் ஹோட்டல்களாகத் திறந்தன. பலகைத் தடுப்பை எடுத்துவிட்டுப் பழைய செங்கல் தெரியும்படி விட்டு, பழைய தொட்டியை அலங்காரத்துக்கு வைத்துக்கொண்டார்கள். முன்பு வசதியின்மைக்கு அடையாளமாக இருந்தவை இப்போது கூடுதல் கட்டணம். மலிவு அறை ஒழிந்துவிடவில்லை. லவ் லேனில் அடுக்குக் கட்டில் போட்ட ஹாஸ்டல்கள் இன்னும் உண்டு. ஆனால் இப்போது விற்பது அறை இல்லை, கட்டில். சதுர அடி விலை ஏறிவிட்ட ஊரில் மலிவாகக் கொடுக்க ஒரே வழி ஆளை நெருக்குவது. கூலி கெங் கண்டுபிடித்த அதே கணக்கு. குளிர்சாதனமும் வைஃபையும் மட்டும் புதுசு.

எனக்கு இதில் உறுத்துவது ஒன்று. சூலியா தெருவைப் பற்றி எழுதும்போது முதுகுப்பைக்காரர்களை வழிப்போக்கர் என்கிறோம், அவர்களுக்கு முன்னால் வந்தவர்களைக் கூலிகள், குடியேறிகள் என்கிறோம். ஒருவர் மூன்று நாள் தங்கினார், இன்னொருவர் மூன்று வருஷம். இருவருக்கும் வேண்டியது தலைசாய்க்க ஓரடி இடம், காசு மிச்சம், அடுத்த கப்பலின் தேதி. விடுதிகளின் வரலாறு என்று தேடினால் முதல் ஆளின் நினைவுக்குறிப்புகள் கொட்டிக் கிடக்கின்றன. இரண்டாவது ஆள் எழுதிவைக்கவில்லை. லைட் எழுதிய இரண்டு வாக்கியம், கிட்டங்கியின் பேரேடு, கப்பல் பயணிகள் எண்ணிக்கை, இவற்றிலிருந்துதான் அவன் எங்கே படுத்தான் என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது.

அவன் வருவது நின்றுவிடவும் இல்லை. பினாங்கு லிட்டில் இந்தியாவின் சாப்பாட்டுக் கடைகளில் புரோட்டா போடுகிறவரிடம் ஊர் கேட்டால் ராமநாதபுரம் என்பார், புதுக்கோட்டை என்பார். இரண்டு, மூன்று வருஷ ஒப்பந்தம், முடிந்தால் ஊர். கப்பலுக்குப் பதில் திருச்சி விமானம். அப்படி ஒருவரிடம் எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். மாவு பிசைந்த கையாலேயே மேலே காட்டினார். கடை மாடி. எட்டுப் பேருக்கு ஓர் அறை, வாடகை முதலாளி பொறுப்பு, வெள்ளிக்கிழமை மட்டும் கொஞ்சம் லேட்டாக எழலாம் என்றார். எதிர்வரிசையில் அதே வயசுள்ள கட்டடம், அதே மரச் சன்னல், புதுப் பெயின்ட். ஓர் இரவுக்கு அவருடைய பல நாள் சம்பளம். அங்கே உள்ளே போய்ப் பார்த்திருக்கிறீர்களா என்றேன். காலையில் அவர்களுக்கு இட்லி பார்சல் போகிறது, வாசல்வரை போயிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த உருண்டையைக் கையில் எடுத்தார்.